பதிமூன்றடி

பின்னால் போகும்போது
வண்டி இடப்பக்கம் ஒடிய
ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்று
டெல்மர் எப்போதோ சொல்லியிருந்தான்.
எனக்கு நினைவிருக்கிறது, என் கைக்கு இல்லை.
மைல்ஸ் சிட்டி பெட்ரோல் நிலையத்தில்
குப்பைத்தொட்டி ஒன்றை நசுக்கிவிட்டு
மன்னிப்புக் கேட்க இறங்கினேன்.

"ஓ, அந்த முட்டை டிரெய்லரா" என்றாள் கல்லாக்காரி.
"நாய்களை இறக்குங்கள்,
அவற்றுக்கு இங்கே பாக்கி இருக்கிறது."
ஆளுக்கொரு சாசேஜ். பீன்ஸ் மெல்லவே இல்லை.
கர்னல் மட்டும், கிழவனல்லவா,
முதலில் வணக்கம் சொல்வதுபோல் மோந்துவிட்டுத் தின்றான்.
அவர் எங்கே, என்றாள்.
பிப்ரவரியில், என்றேன்.
ரசீதைக் கிழித்தாள். கிழித்ததை இன்னொருமுறை கிழித்தாள்.
தொட்டிக்குக் காசு வாங்கவில்லை.

பக்கத்து இருக்கையில் ராஸ்.
அப்பாவின் கோதுமை வயலை விற்ற வருடத்திலிருந்து
எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை,
வழி சொல்வது பேச்சாகாது என்றால்.
அண்ணன் விட்டுப்போன தாளில் ஒரே வரி:
நாய்கள் இர்மாவுக்கு. கீழே ஒரேகானில் ஒரு முகவரி.
யார் இர்மா?
ராஸ் தோளைக் குலுக்கினான்.
நானும் குலுக்கினேன். மொன்டானா முழுக்க
இப்படியே போனது.

எந்தத் திருப்பத்தில் ஒதுங்க வேண்டும் என்பது
நாய்களுக்குத் தெரிந்திருந்தது.
இந்த ஓடை, இந்தப் பாலத்தடி, இந்த ஒற்றைப் பைன்.
பீன்ஸ் முனகினால் நிறுத்தினோம்.
கர்னலின் இடுப்பு விட்டுப்போயிற்று,
தூக்கி இறக்கி, தூக்கி ஏற்றி,
மாத்திரையைச் சீஸில் பொதிந்து ஊட்டினோம்.
சமர்த்தாக விழுங்கினான்.

லோலோ கணவாயில் மழை.
இரவு ஒருமணிக்கு எதுவோ சத்தம் கேட்டு
இருவரும் டார்ச்சோடு வெளியே வந்தோம்.
உள்ளே பீன்ஸ் கதவின்மேல் தாவியது.
தாழ் விழுந்தது.
சாவி உள்ளே. செருப்பு உள்ளே.
ஐம்பத்தெட்டு வயதில் நான், அறுபதில் ராஸ்,
இரவு உடையில், கொட்டுகிற மழையில்,
பதிமூன்றடி டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி
கெஞ்சினோம், அதட்டினோம், பிஸ்கட் என்று பொய் சொன்னோம்.
ஜன்னல் வழியே பார்த்தால் கர்னல்
தலையணையில் தலை வைத்து உறக்கம்.

ராஸின் தோளில் ஏறினேன்.
அவன் சிரிக்கத் தொடங்கியதால் நான் ஆடினேன்,
நான் ஆடியதால் அவன் இன்னும் சிரித்தான்.
தலைகுப்புறப் பாத்திரத் தொட்டிக்குள் விழுந்தேன்.
முகமெல்லாம் நாய் நாக்கு.
கண் திறந்தபோது எதிரே கொக்கியில்
பூப்போட்ட ஒரு கண்ணாடிக் கூடு.
டெல்மர் கடைசிவரை கண்ணாடி போட்டதில்லை.
தாழைத் திறந்தேன்.
ராஸிடம் கூட்டைக் காட்டினேன்.
துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே
வெகுநேரம் அதைப் பார்த்தான்.
"கள்ளன்" என்றான்.

பேக்கர் சிட்டிக்கு இருபது மைல் இருக்கும்போதே
பீன்ஸ் நடுங்கத் தொடங்கிவிட்டது.
கேட்டருகே, மூன்று நாளாகத் தூக்கிச் சுமந்த கர்னல்
தானே குதித்தான்,
விழுந்தான், எழுந்தான், ஓடினான்.
இர்மா உயரமான பெண். கையில் மண்.
அவனைப்பற்றி எதுவும் கேட்கவில்லை.
"மாத்திரை எதில் கொடுத்தீர்கள்?"
"சீஸில்."
"வெண்ணெயில் வைத்தால்தான் விழுங்குவான்."
இல்லையே, ஒழுங்காகத்தான் விழுங்கினான், என்றான் ராஸ்.
அவள் மறுத்துப் பேசவில்லை.

டிரெய்லரை எங்கே விட?
கொல்லையைக் காட்டினாள். ஆப்பிள் மரத்துக்கு அந்தப்பக்கம்
புல் முளைக்காத இரண்டு கோடுகள்,
சரியாக அந்தச் சக்கர அகலத்துக்கு.
ஏற்றி நிறுத்த எனக்கு ஏழு முயற்சி.
நாய்கள் எங்களை வழியனுப்ப வரவில்லை.
அவற்றுக்கு அங்கே வேலை இருந்தது.

திரும்பும் வழியில் வண்டி காகிதம்போல் ஓடியது.
ஆனாலும் முனைகளில் நான்
அகலமாகவே வளைத்துக்கொண்டிருந்தேன்.
பில்லிங்ஸ் தாண்டி, கீழே விழுந்த எதையோ தேடி
ராஸ் பின்னிருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான்.
உள்ளங்கையை விரித்து நீட்டினான்.
ரோமம் ஒட்டிய மூன்று மாத்திரைகள்,
நாளொன்றுக்கு ஒன்றாக.